எல்லாம் முடிந்துவிட்டது என்கிறார்கள், எனக்கு இப்போதுதான் ஆரம்பித்த மாதிரி இருக்கிறது

தூறல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

வயது 43. வலது மார்பகத்தில் புற்றுநோய்க் கட்டி, ஹார்மோன் பாசிட்டிவ், அதாவது உடம்பின் ஹார்மோனைக் கொண்டு வளரும் வகை. மார்பகத்தை முழுவதுமாக எடுத்தார்கள். அப்புறம் கீமோ. முதலில் சிவப்பு மருந்து நான்கு முறை, பிறகு வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு. அதன்பின் 15 நாள் ரேடியேஷன். இப்போது அந்த ஹார்மோனைத் தடுக்கத் தினமும் ஒரு டமாக்சிஃபென் மாத்திரை. ரேடியேஷன் முடிந்து எட்டு மாதம் ஆகிறது.

சிகிச்சை நடந்த காலம் முழுக்க நான் அழவே இல்லை. முடி கொட்டியபோது நானே ஷேவரை எடுத்து மொட்டை அடித்துக்கொண்டேன். "என்ன தைரியம்" என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கடைசி ரேடியேஷன் அன்று வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன். மறுநாள் காலையில் வழக்கம்போல எழுந்து குளித்து, ஃபைல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுவரை போய்விட்டேன். அங்கே நின்ற பிறகுதான் இன்றைக்குப் போக இடமில்லை என்று உறைத்தது. "மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் புரிந்தது. மூன்று மாதம் யாரும் என்னைப் பார்க்கப்போவதில்லை.

அன்று ஆரம்பித்த அழுகை இன்னும் நிற்கவில்லை. தோள் வலித்தால் எலும்புக்குப் போய்விட்டதோ, தலை வலித்தால் மூளைக்குப் போய்விட்டதோ, இருமல் வந்தால் நுரையீரலோ. குளியலறையில் விளக்கைப் போடாமல்தான் குளிக்கிறேன். வீட்டில் எல்லோரும் அன்பானவர்கள்தான். ஆனால் வாயைத் திறந்தால் "அதுதான் எல்லாம் முடிந்துவிட்டதே, அதையே ஏன் நினைத்துக்கொண்டிருக்கிறாய்" என்கிறார்கள். எனக்கு மட்டும்தான் இப்படியா? நோய் இருந்தபோது தாங்கியவளுக்கு, அது போன பிறகு ஏன் தாங்க முடியவில்லை?

ஓடைக்கல் எழுதியது:

தங்கச்சி, உனக்கு மட்டும் இல்லை. எனக்கு ஆறு வருடம் ஆகிறது. முதல் வருடத்தைத்தான் என் வாழ்க்கையிலேயே மோசமான வருடம் என்று சொல்வேன். கீமோ நடந்த வருடத்தைச் சொல்லவில்லை, அதற்கு அடுத்த வருடத்தை.

சிகிச்சை நடக்கும்போது உடம்புக்கு அடுத்தடுத்து வேலை இருக்கிறது. இன்று ரத்தப் பரிசோதனை, நாளை கீமோ, மறுநாள் ஊசி. வெள்ளை அணு குறைந்தால் ஒருவர் கவனிக்கிறார், காய்ச்சல் வந்தால் கூப்பிட ஒரு எண் இருக்கிறது. பயப்பட நேரமே கிடையாது. மனசு ஒரு மூலையில் ஒதுங்கி உட்கார்ந்து, "நீ முடித்துவிட்டு வா, அப்புறம் நாம் பேசிக்கொள்ளலாம்" என்று காத்திருக்கிறது. எல்லோரும் கைகுலுக்கிவிட்டுப் போன பிறகு அது வந்து எதிரில் உட்காருகிறது. அதனால் நீ இப்போது பலவீனமாகிவிட்டாய் என்று நினைக்காதே. அன்றைக்கு அழ வேண்டியதைத்தான் இன்றைக்கு அழுகிறாய்.

வலி பற்றி ஒரு விஷயம். எனக்கும் ஒவ்வொரு வலியும் கேன்சராகத்தான் தெரிந்தது. என் டாக்டர் ஒரு கணக்குச் சொன்னார். புதிதாக ஒரு வலி வந்தால் தேதியைக் குறித்துக்கொள். இரண்டு வாரத்தில் போய்விட்டால் விட்டுவிடு. போகாமல் கூடிக்கொண்டே வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் போன் செய். மூச்சுத்திணறல், கால் மரத்துப்போவது, தாங்க முடியாத தலைவலி மாதிரி இருந்தால் இரண்டு வாரமெல்லாம் பார்க்காதே, உடனே போ. இந்தக் கணக்கு என் பயத்தை எடுத்துவிடவில்லை. ஆனால் பயத்தை வைக்க ஒரு இடம் கிடைத்தது. காலண்டரில் குறித்துவிட்டால் அன்றைக்கு ராத்திரி தூங்க முடிந்தது. அந்தப் பழைய காலண்டரில் "இடுப்பு", "இடது விலா", "இடுப்பு மறுபடி" என்று இன்னும் இருக்கிறது. எல்லாம் வந்து போன வலிகள்.

பின்னிரவு எழுதியது:

நான் இன்னும் கீமோவில்தான் இருக்கிறேன். சிவப்பு மருந்தில் மூன்று முடிந்தது. இப்போதெல்லாம் சிவப்பு நிறத்தில் எதைப் பார்த்தாலும் குமட்டுகிறது. ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏறும்போதே வாந்தி வருகிறது, மருந்து ஏறுவதற்கு முன்னாலேயே. கீமோ அன்றும் அடுத்த இரண்டு ராத்திரியும் கண்ணைக்கூட மூட முடிவதில்லை, மூளை ஓடிக்கொண்டே இருக்கிறது.

முடிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். தூறல் அக்கா எழுதியதைப் படித்துப் பயம் வந்துவிட்டது. ஆனால் முன்னாலேயே தெரிந்ததும் நல்லதுதான் என்றும் தோன்றுகிறது.

நம்பிக்கைஒளி எழுதியது:

தோழி, தப்பாக நினைக்காதீர்கள். என் அம்மாவுக்கு இந்த நோய் வந்து குணமாகி 11 வருடம் ஆகிறது. அவர் குணமானதற்கு ஒரே காரணம் அவருடைய மன உறுதி. ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. நீங்கள் இப்படி அழுதுகொண்டே இருந்தால் உடம்பில் எதிர்ப்பு சக்தி குறையும், அது நோயைத் திரும்ப அழைப்பது மாதிரி. கவலைதான் கேன்சருக்குத் தீனி. சிரியுங்கள், நல்லதையே நினையுங்கள். மனம் நினைத்தால் உடம்பு கேட்கும்.

ஒற்றைத்தடம் எழுதியது:

நம்பிக்கைஒளி, நீங்கள் அன்போடுதான் சொல்கிறீர்கள் என்று தெரியும். அதனால்தான் பொறுமையாக எழுதுகிறேன். இந்த வார்த்தைகள் என்னை இரண்டு வருடம் வதைத்தன.

எனக்கு வந்தது டிரிப்பிள் நெகட்டிவ், ஹார்மோன் மாத்திரை வேலை செய்யாத வகை. அந்த வகையில் முதல் மூன்று வருடத்தில்தான் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். ஐந்து வருடத்தைத் தாண்டிவிட்டால் வெகுவாகக் குறைந்துவிடும். அந்த முதல் மூன்று வருடம் நான் எப்படி இருந்தேன் தெரியுமா? அழுகை வந்தால், "ஐயோ, அழுதுவிட்டேனே, இதனால் திரும்ப வந்துவிடுமோ" என்று பயந்தேன். அந்தப் பயம் வந்ததும், "பயப்பட்டுவிட்டேனே" என்று இன்னொரு பயம். நோய் வந்ததற்கே நான்தான் காரணமோ என்று யோசித்தேன். வேலையில் அந்த வருடம் நிறையச் சண்டை போட்டிருந்தேன், அந்தக் கோபம்தான் கட்டியாகிவிட்டதா என்று. ஒரு நோயாளி தன் நோய்க்குத் தானே பழி ஏற்பதைவிடக் கொடுமை எனக்கு வேறு தெரியவில்லை.

அப்புறம் தேடிப் படித்தேன். 1989இல் டேவிட் ஸ்பீகல் என்ற மனநல மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மற்ற உறுப்புகளுக்குப் பரவிய மார்பகப் புற்றுநோய் இருந்த 86 பெண்களை வைத்துச் செய்தது. வாரம் ஒருமுறை குழுவாகக் கூடி மனம்விட்டுப் பேசியவர்கள், பேசாதவர்களைவிடச் சராசரியாக இரண்டு மடங்கு காலம் வாழ்ந்தார்கள் என்று அதில் வந்தது. உலகம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டார்கள். மனசு மாறினால் கேன்சர் போய்விடும் என்ற பேச்சுக்கு அது பெரிய பலமானது. ஆனால் 2001இல் கனடாவில் 235 பெண்களை வைத்து அதையே செய்து பார்த்தபோது ஆயுள் கூடவில்லை. பிற்பாடு ஸ்பீகலே மறுபடி செய்தார், அவருக்கும் மொத்தத்தில் அந்தப் பழைய முடிவு கிடைக்கவில்லை. 2007இல் தலை, கழுத்துப் புற்றுநோய் இருந்த 1,093 பேரைத் தொடர்ந்து பார்த்த ஜேம்ஸ் கோயினின் ஆய்விலும், மனநிலை நன்றாக இருந்ததற்கும் உயிரோடு இருந்த காலத்துக்கும் தொடர்பு இல்லை என்றுதான் வந்தது.

இதைப் படித்த அன்று எனக்கு என்ன ஆனது தெரியுமா? ஏமாற்றமே இல்லை. விடுதலை. நான் அழலாம். என் அழுகை என்னைக் கொல்லாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கனடா ஆய்வில் குழுவாகப் பேசியவர்களுக்கு, அதுவும் முன்பே ரொம்பத் தவித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, மன வேதனையும் உடம்பு வலியும் குறைந்தன. அதாவது மனம்விட்டுப் பேசுவது ஆயுளைக் கூட்டுகிறதோ இல்லையோ, இருக்கும் நாட்களை நல்ல நாட்களாக்குகிறது. எனக்கு அது போதும்.

நம்பிக்கைஒளி எழுதியது:

நேற்று ராத்திரி உங்கள் பதிவைப் படித்தேன். உடனே பதில் எழுதத் தோன்றவில்லை. இன்று அம்மாவிடம் கேட்டேன். "அம்மா, அப்போது நீ உண்மையாகவே பயப்படவில்லையா?" என்று.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். "குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுவேன். வெளியே சத்தம் கேட்காது. நீங்கள் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அது வாடினால் நீங்கள் வாடிவிடுவீர்கள்."

11 வருடம். அந்தக் குழாய்ச் சத்தம் எனக்கு நினைவிருக்கிறது. அம்மா ஏன் இவ்வளவு தண்ணீரை வீணாக்குகிறார் என்று ஒருநாள் கோபப்பட்டும் இருக்கிறேன்.

தூறல் தோழி, மன்னித்துக்கொள்ளுங்கள். நம்பிக்கை வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன், அதை நான் விட்டுவிடவில்லை. ஆனால் யாரையும் சிரிக்கச் சொல்லி இனிமேல் எழுதமாட்டேன்.

கைத்துணை எழுதியது:

நான் நோயாளி இல்லை, கணவன். இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை, ஆனால் கேட்க வேறு இடம் இல்லை.

என் மனைவிக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வரும்போது பக்கவாட்டில், காயத்தில் ஊறும் நீரை வெளியேற்ற இரண்டு டிரெயின் குழாய்கள் இருந்தன. அவற்றின் நுனியில் அமுக்கி மூடுகிற பல்பு மாதிரி ஒரு சேகரிப்பான். காலையும் மாலையும் நான்தான் கொட்டி அளந்து எழுதுவேன். ஒரு நோட்டில் தேதி, நேரம், முதல் குழாய் எவ்வளவு மில்லி, இரண்டாவது எவ்வளவு, நிறம் என்ன. முதல் நாள் ரத்தமாக இருந்தது, பிறகு இளஞ்சிவப்பு, அப்புறம் வைக்கோல் நிறம். ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே வந்தால் எடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். 28 வந்த அன்று பரீட்சையில் பாஸான மாதிரி அவளிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

குழாயை எடுத்த பிறகு எனக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. அந்தப் பத்து நாளும் அவள் உடம்பின் பக்கத்தில் போக எனக்குக் காரணம் இருந்தது. இப்போது ஒரு வருடம் ஆகிறது. அவள் உடை மாற்றும்போது கதவைச் சாத்திக்கொள்கிறாள். தூங்கும்போது ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுக்கிறாள். எனக்கு அவள் உடம்பு குறைந்துவிட்டதாகத் தோன்றவே இல்லை. ஆனால் அதை எப்படிச் சொல்வது? சொன்னால் பரிதாபம் மாதிரி ஆகிவிடுமோ? தொட்டால் வலிக்குமோ? தொடாவிட்டால் வேண்டாம் என்று நினைப்பாளோ? சொல்லத் தெரியாமல் நானும் பேசாமலேயே இருக்கிறேன்.

தூறல் எழுதியது:

கைத்துணை, உங்கள் பதிவை மூன்று தடவை படித்துவிட்டேன். என் வீட்டுக்காரரும் பேசாமல்தான் இருக்கிறார். அதற்கு நான் வைத்திருக்கும் அர்த்தம், "இவருக்கு என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை" என்பது. அந்த மௌனத்துக்குள் இப்படி ஒரு பயம் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

உங்கள் மனைவிக்காக நான் பேச முடியாது. எனக்கு என்றால், அழகாகப் பேச வேண்டாம். "வலிக்குமோ என்று பயமாக இருக்கிறது, எங்கே தொடலாம் சொல்" என்று கேட்டால் போதும். நீங்கள் இங்கே எழுதிய அதே வார்த்தைகள்தான்.

அந்த நோட்டு இன்னும் இருக்கிறதா? இருந்தால் அவரிடம் காட்டுங்கள்.

வெள்ளிமீன் எழுதியது:

இந்த இழையைப் படிக்கும்போது மனசுக்குள் ஒரு ஓரத்தில் வலிக்கிறது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "முடிந்த பிறகு" என்று நீங்கள் எல்லோரும் பேசுகிறீர்கள். எனக்கு முடிவதில்லை. நான்காம் நிலை, அதாவது வேறு உறுப்புக்குப் பரவியது. முதலில் வந்து ஏழு வருடம் கழித்து முதுகெலும்பில் தெரிந்தது. ஹார்மோன் பாசிட்டிவ் வகை இப்படி ரொம்ப நாள் கழித்தும் வரும். இப்போது மூன்று வருடமாக 21 நாள் மாத்திரை, ஏழு நாள் இடைவெளி, மறுபடி 21 நாள். கூடவே எலும்புக்கு ஊசி.

தெரிந்தவர்கள் பார்க்கும்போதெல்லாம் "ட்ரீட்மென்ட் எப்போது முடியும்?" என்று கேட்கிறார்கள். "முடியாது, வேலை செய்கிறவரை ஓடும், நின்றால் வேறு மருந்து" என்று சொன்னால் முகம் மாறிவிடுகிறது. அதற்கு அப்புறம் அவர்களுக்கு நான் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கிறது. "போராடி ஜெயித்தவர்கள்" என்று மேடைகளில் கூப்பிடும்போது நான் எந்த வரிசையில் நிற்பது? நானும் எல்லா மருந்தையும் ஒழுங்காகத்தான் போட்டேன். என் போராட்டத்தில் என்ன குறை? நோய் பரவியவரைத் தோற்றவர் மாதிரி பேசும் அந்த வார்த்தையே எனக்கு வேண்டாம்.

நான் மூன்று மாதத் துண்டுகளாக வாழ்கிறேன். ஸ்கேனுக்கு முந்தைய வாரம் யாரிடமும் பேசப் பிடிக்காது, அலமாரியை எடுத்து அடுக்குவேன், பத்து நிமிடம் கழித்து மறுபடி கலைத்து அடுக்குவேன். ரிப்போர்ட் வாங்கும்போது டாக்டர் என்ன சொல்கிறார் என்பதற்கு முன்னால் அவர் நாற்காலியில் எப்படி உட்கார்கிறார் என்று பார்ப்பேன். "அப்படியே இருக்கிறது" என்றால் அது எனக்கு மிகப் பெரிய வார்த்தை. குறையாவிட்டாலும் பரவாயில்லை, அப்படியே இருக்கட்டும். அடுத்த பத்து வாரம் முழுவதும் என்னுடையது. அந்தப் பத்து வாரத்தில் நான் நோயாளியாக இருப்பதில்லை. இந்த முறை நீச்சல் கற்றுக்கொள்கிறேன்.

தூறல், உங்களைக் காயப்படுத்த எழுதவில்லை. எது நடந்துவிடுமோ என்று நீங்கள் பயப்படுகிறீர்களோ, அது நடந்த இடத்தில் இருந்து எழுதுகிறேன். இங்கேயும் காலை விடிகிறது. பயமும் இருக்கிறது, ஆனால் பயம் மட்டும் இல்லை.

தூறல் எழுதியது:

வெள்ளிமீன் அக்கா, "முடிந்துவிட்டது" என்ற வார்த்தையை அவ்வளவு எளிதாக எழுதிவிட்டேன். நீங்கள் படிப்பீர்கள் என்று யோசிக்கவில்லை. உங்கள் பதிவைப் பாதியில் மூடிவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் திரும்ப வந்து படித்தேன். பயத்தில்தான் மூடினேன். திரும்பி வந்ததற்குக் காரணம் அந்த நீச்சல்.

இரவுப்பணி எழுதியது:

புற்றுநோய் வார்டில் 14 வருடமாகச் செவிலியாக இருக்கிறேன். சில விஷயங்களைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

தூறல் அம்மா, நீங்கள் சொல்வது வார்டில் நாங்கள் அடிக்கடி கேட்பதுதான். ஆனால் "சகஜம்" என்று சொல்லி உங்களை அனுப்பிவைப்பது சரியாகாது. எட்டு மாதமாகத் தினமும் அழுகை, விளக்கைப் போட முடியாத அளவுக்கு உடம்பைப் பார்க்கப் பயம் என்றால், அது உதவி கேட்க வேண்டிய கட்டம். காய்ச்சலுக்கு வெப்பமானி வைத்திருப்பது மாதிரி, மனத் தவிப்புக்கும் ஒன்று உண்டு. 0 முதல் 10 வரை எண் போட்ட ஒரு வெப்பமானிப் படம். கடந்த ஒரு வாரத்தில் எவ்வளவு தவித்தீர்கள் என்று நீங்களே குறிக்க வேண்டும். 4 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு விசாரித்துப் பார்க்க வேண்டும் என்பது வழிகாட்டுதல். உங்கள் மருத்துவமனையில் அந்தத் தாள் இல்லை என்றாலும் பரவாயில்லை. அடுத்த முறை போகும்போது "பத்துக்கு ஏழு" என்று எண்ணாகவே சொல்லுங்கள். "மனசு சரியில்லை" என்றால் அவசரத்தில் கேட்காமல் போவார்கள். எண் சொன்னால் நிமிர்ந்து பார்ப்பார்கள், என் அனுபவம் இது.

புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்றே ஒரு மருத்துவப் பிரிவு இருக்கிறது. நியூயார்க்கில் உள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் ஜிம்மி ஹாலண்ட் என்ற பெண் மருத்துவர் 1977இல் தொடங்கிய பிரிவில் இருந்து அது வளர்ந்தது. அதற்கு முன்னால், "நோய் போய்விட்டதா இல்லையா" என்பதோடு கேள்வி நின்றுவிடும். உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. திரும்ப வந்துவிடுமோ என்ற பயத்துக்கென்றே இப்போது பேச்சு வழிச் சிகிச்சைகள் உண்டு. பயத்தைத் துரத்தச் சொல்லித் தரமாட்டார்கள். அது வரும்போது அதன் பின்னாலேயே ஓடிப்போகாமல் இருக்கச் சொல்லித் தருவார்கள்.

மாத்திரை பற்றி முக்கியமான ஒன்று. மனச்சோர்வுக்கு மருந்து தேவைப்பட்டால், எழுதித் தருகிற மருத்துவரிடம் "நான் டமாக்சிஃபென் சாப்பிடுகிறேன்" என்று கட்டாயம் சொல்லுங்கள். பரோக்ஸெட்டின், ஃப்ளூவாக்ஸெட்டின் போன்ற சில மருந்துகள், டமாக்சிஃபென் உடம்பில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கும். வேறு பொருத்தமான மருந்துகள் இருக்கின்றன. வென்லாஃபாக்ஸின் மாதிரி ஒன்று உடம்பில் திடீரென்று பரவும் அனலையும் கொஞ்சம் தணிக்கும். நீங்களாக எதையும் நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம். அந்த அனல், தூக்கம் கெடுவது, எரிச்சல், இவற்றில் ஒரு பங்கு மாத்திரையாலும், கீமோவால் மாதவிலக்கு திடீரென்று நிற்பதாலும் வருவது. எல்லாவற்றையும் "என் மனசு சரியில்லை" என்ற கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

பின்னிரவு, உங்களுக்கும் ஒன்று. கீமோவை ஒட்டி வரும் அந்தத் தூக்கமில்லாத இரவுகள் பெரும்பாலும் வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டால் வருபவை. வீட்டில் சாப்பிடக் கொடுத்ததை எந்த நேரத்தில் போடுகிறீர்கள்? சாயங்காலம் என்றால் காலைக்கு மாற்றலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். லிஃப்டிலேயே வாந்தி வருவதையும் சொல்லுங்கள். அது கற்பனை இல்லை, அதற்கும் முன்கூட்டியே கொடுக்க மருந்து இருக்கிறது.

தனிமரம் எழுதியது:

நான் ஆண். எனக்கும் மார்பகப் புற்றுநோய்தான். இந்த நோய் வருபவர்களில் நூற்றில் ஒருவர் ஆண் என்பார்கள், அந்த ஒருவர் நான். காத்திருக்கும் அறையில் என் பெயரைக் கூப்பிட்டால் எல்லோரும் என் மனைவியைப் பார்க்கிறார்கள். நண்பர்களிடம் "நெஞ்சில் ஒரு ஆபரேஷன்" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன், இதய ஆபரேஷன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்த இழையில் இருக்கும் எல்லாமே எனக்கும் பொருந்துகிறது, சட்டையைக் கழற்ற முடியாதது உட்பட. வேறொன்றும் இல்லை. எங்கேயாவது ஒரு இடத்தில் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

ஓடைக்கல் எழுதியது:

தம்பி, சொன்னதற்கு நன்றி. இங்கேயே இருங்கள்.

தூறல், நீ விளக்கைப் போடாமல் குளிக்கும் விஷயத்தை நான் முதலில் தாண்டிப் போய்விட்டேன். எனக்கு அது சொல்லக் கஷ்டமாக இருந்தது, அதுதான் காரணம். இப்போது சொல்கிறேன்.

நானும் ஐந்து மாதம் அந்த இடத்தைப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு முன்னால் தொட்டேன். ஆடைக்கு மேலே உள்ளங்கையை வைத்து ஒரு நிமிடம். அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்து ஆடைக்கு உள்ளே. விரலுக்கு ஒரு கோடு தட்டுப்பட்டது, அதைச் சுற்றித் தோல் மரத்துப்போயிருந்தது. கையின் உட்புறம், அக்குளுக்குக் கீழே இன்றைக்கும் மரத்துத்தான் இருக்கிறது. அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுக்கும்போது அந்த வழியாகப் போகும் நரம்பு அடிபடும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இன்னொரு விசித்திரம், இல்லாத மார்பகத்தில் அரிக்கும். சொறியக் கை போகும், அங்கே ஒன்றும் இருக்காது. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்தேன். கை, கால் இழந்தவர்களுக்கு வருவது மாதிரிதான் இதுவும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

பார்த்த அன்று அழுதேன். அதுவரை என்னுடைய பயம் ஏதோ ஒரு பெரிய பள்ளத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அங்கே இருந்தது என் தோல், கொஞ்சம் தட்டையாக. இழந்ததற்காகத்தான் அழுதேன், பயந்து இல்லை. அந்த மார்பகத்தில்தான் என் பையன் பால் குடித்தான். அதற்காக அழாமல் வேறு எதற்கு அழுவது?

நீ இன்னும் பார்க்க வேண்டாம் என்று தோன்றினால் பார்க்காதே. இதில் தேதி எதுவும் கிடையாது.

கைத்துணை எழுதியது:

நோட்டைக் காட்டினேன். அவள் அதை இதுவரை பார்த்ததே இல்லையாம். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். ஒரு நாள் பக்கத்தில் "இன்று கொஞ்சம் சிரித்தாள்" என்று எழுதி வைத்திருந்தேன், எழுதியது எனக்கே மறந்துவிட்டது. அதைப் படித்துவிட்டு என் கையை எடுத்துத் தன் விலாவில், குழாய் இருந்த இடத்தில் வைத்தாள். இரண்டு சின்ன வடு இருக்கிறது. "இங்கே வலிக்காது" என்றாள். அதற்குமேல் இங்கே எழுதமாட்டேன்.

தூறல் எழுதியது:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

செக்கப்புக்குப் போனேன். இரவுப்பணி அம்மா சொன்னபடி, "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டதும் "பத்துக்கு எட்டு" என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மனநல ஆலோசகரிடம் அனுப்பியிருக்கிறார், வியாழக்கிழமை முதல் தடவை பார்க்கப்போகிறேன். தோள் வலி அந்தப் பக்கத் தசை இறுகிப்போனதால்தானாம், பிசியோதெரபியில் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். இருந்தாலும் வீட்டுக்கு வந்து காலண்டரில் தேதியைக் குறித்துக்கொண்டேன்.

இந்த இழையை வீட்டுக்காரரிடம் படிக்கக் கொடுத்தேன். கைத்துணையின் பதிவு வந்ததும் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். அரை மணி நேரம் கழித்து வந்து, "எனக்கும் இதேதான்" என்றார். வேறொன்றும் பேசவில்லை. இப்போதைக்கு அது போதும்.

குளியலறை விளக்கை இன்னும் போடவில்லை. கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக் குளித்தேன், வெளியே இருந்து வெளிச்சம் விழுகிற அளவுக்கு.

பின்னிரவு எழுதியது:

டாக்டரிடம் கேட்டேன். ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையிலேயே போடச் சொல்லிவிட்டார். லிஃப்ட் விஷயத்துக்கும் முந்தைய நாள் ராத்திரிக்கு ஒரு மாத்திரை கொடுத்தார். நேற்று நான்காவது முடிந்தது, சிவப்பு மருந்து இனிமேல் இல்லை. ராத்திரி நாலு மணி நேரம் தூங்கினேன்.